அலாஸ்கா: கப்பலுக்கு முன் பாதை

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். எத்தனை தளம், எத்தனை உணவகம், பால்கனி உள்ள அறையா இல்லாததா, குழந்தைகளுக்கு நீச்சல்குளம் உண்டா என்று விசாரித்து, விலையை ஒப்பிட்டுப் பார்த்து, முன்பணம் கட்டிவிடுகிறார்கள். எந்த வழியாகப் போகிறது, எந்தப் பனியாற்றின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது. விளம்பரங்கள் கப்பலை முன்னால் நிறுத்தி விற்பதால் இப்படி நேர்கிறது. ஆனால் இந்தக் கப்பல்களில் பலவும் குளிர்காலத்தில் கரீபியன் கடலில் ஓடுபவை. அதே உணவகமும் அதே நீச்சல்குளமும் அங்கேயும் உண்டு. அலாஸ்காவில் மட்டுமே கிடைப்பது எதுவோ அது கப்பலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே தேர்வின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம். முதலில் பாதை, அடுத்து மாதம், அதன்பின் ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் நேரமும் அங்கே கூடும் கூட்டமும், கடைசியில்தான் கப்பல். ஏதோ ரசனைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கடற்கரையின் நிலவியல், ஏறத்தாழ 140 ஆண்டுப் பழமையான ஒரு சட்டம், அங்குள்ள சிறிய ஊர்களின் தாங்குதிறன் ஆகிய மூன்றும் நம்மை அந்த வரிசைக்குத்தான் கொண்டுவருகின்றன.

ஏழு நாள் கப்பல் பயணத்தில் பார்க்கக் கிடைப்பது அலாஸ்கா முழுவதும் அல்ல. பெரும்பாலும் கனடாவின் கரையோரமாகத் தெற்கே நீளும் தென்கிழக்குத் துண்டு மட்டுமே. ஆயிரக்கணக்கான தீவுகள், அவற்றுக்கிடையே ஆழமான நீர்வழிகள், கரை முழுக்க மழைக்காடு. அமெரிக்காவின் மிகப்பெரிய தேசியக் காடான டாங்கஸ் இங்கேதான் 1.67 கோடி ஏக்கரில் பரந்திருக்கிறது. பெரும்பாலான ஊர்களை இணைக்கும் சாலை கிடையாது. மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலைவழி இல்லை. விமானத்திலோ கப்பலிலோதான் போய்ச்சேர முடியும். அதனால் கடல்வழிச் சுற்றுலா இங்கே நேற்று வந்த வழக்கமல்ல. இயற்கையியலாளர் ஜான் மியூர் 1879-ல் டிலிங்கிட் பழங்குடியினர் துடுப்பு வலித்த படகில் கிளேசியர் பே என்னும் பனியாற்று விரிகுடாவுக்குள் போனார். அடுத்த சில ஆண்டுகளில் நீராவிக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு அங்கே போகத் தொடங்கிவிட்டன. 1883-ல் அப்படிப் போனவர்களில் ஒருவரான எலைசா சிட்மோர் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் பயணத்தை நூலாகவே வெளியிட்டார். அவர்கள் எல்லோரும் பார்க்கப் போனது மியூர் பனியாற்றை. 1899-ல் ஒரு பெரும் பூகம்பம் அதன் முகப்பைச் சிதைத்தது. உடைந்த பனிக்கட்டிகள் விரிகுடாவை அடைத்துக்கொள்ள, கப்பல்களால் நெருங்க முடியாமல் போயிற்று. இன்று அந்தப் பனியாறு கடலைத் தொடாமல் வெகுதூரம் உள்ளே ஒதுங்கிவிட்டது. பெரிய கப்பல்கள் இப்போது விரிகுடாவின் மேற்குக் கிளைக்குத்தான் போகின்றன. அலாஸ்காவில் பார்க்கும் பொருளே இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதைத் திட்டமிடுபவர் முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக்கு முந்தைய பயண நூலையோ நண்பர் எடுத்த பழைய படத்தையோ நம்பிப் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பாதையைத் தீர்மானிப்பதில் இயற்கைக்கு இருக்கும் பங்கு சட்டத்துக்கும் இருக்கிறது. 1886-ல் அமெரிக்கா இயற்றிய பயணிகள் கப்பல் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஆளை ஏற்றி, வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல், மீண்டும் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க முடியாது. பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டில் பதிவானவை. ஆகவே சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தை ஒருமுறை தொட்டாக வேண்டும். பல கப்பல்கள் கடைசி நாள் இரவு சில மணி நேரம் மட்டும் விக்டோரியாவில் நிற்பதற்கு இதுதான் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது அலாஸ்காவின் கப்பல் பருவமே முடங்கிப்போய், 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பயணிக்கு இதனால் வரும் விளைவு தெளிவானது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் ஏறி இறங்குகின்றன. கடல்நோய் உள்ளவர்களுக்கு அது சோதனை. கனடாவின் வான்கூவரிலிருந்து புறப்படுபவை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான உள்வழியில் போகின்றன. இருபுறமும் காடு தெரிய, நீர் அமைதியாக இருக்கும். மூன்றாவது வகை, வான்கூவரில் ஏறி வடக்கே சூவர்ட் அல்லது விட்டியரில் இறங்கும் ஒருவழிப் பயணம். திரும்பிவரும் தூரம் மிச்சமாவதால் அந்த நாட்களைப் பனியாறுகளுக்குக் கொடுக்க முடிகிறது. இறங்கியபின் ஆங்கரேஜ், டெனாலி என்று உள்நாட்டுக்கும் போகலாம். விமானச் செலவு கூடும் என்பது உண்மை. இருந்தாலும் ஏழு நாளில் அலாஸ்காவை அதிகம் காட்டும் வழி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சியாட்டிலிலிருந்து ஏழு இரவுப் பயணம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 160 மணி நேரம். அதில் மூன்று அலாஸ்கா ஊர்களில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி. பனியாறு உள்ள ஃபியோர்டு என்னும் ஒடுங்கிய கடல்வாய் ஒன்றில் சில மணி நேரம். மீதியெல்லாம் கடலும் இரவும். பயணத் திட்டத்தில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக அச்சாகியிருப்பதைப் பார்த்து மயங்காமல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உள்ள வருகை நேரத்தையும் புறப்பாட்டு நேரத்தையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பது நல்லது. ஒரே விலையுள்ள இரண்டு பயணங்களுக்கு இடையே அலாஸ்கா நேரத்தில் ஒரு முழுப் பகல் வித்தியாசம் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அந்த நேரத்தை எந்தப் பனியாற்றின் முன்னால் செலவிடுவது? கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்கு இணையானது இல்லை என்பதே என் முடிவு. காரணம் அழகு மட்டுமல்ல. நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதி கிடையாது. பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறி, நாள் முழுக்கக் கூடவே இருந்து விளக்கம் சொல்கிறார்கள். 1794-ல் கடலோடி வான்கூவரின் அளவைக் குழு வந்தபோது இந்த விரிகுடாவே கிட்டத்தட்டப் பனியால் மூடிக் கிடந்தது. இன்று அதே இடத்தில் 100 கிலோமீட்டர் உள்ளே போனபிறகுதான் மார்ஜரி பனியாறு எதிர்ப்படுகிறது. ஒரு மைல் அகலம், நீர்மட்டத்துக்கு மேல் 75 மீட்டர் உயரம், வெடிப்புகளுக்குள் நீலம் தேங்கிய சுவர். கப்பல் கால் மைல் தள்ளி நின்று மெல்லத் திரும்புகிறது. சுவரிலிருந்து ஒரு துண்டு சரிவது முதலில் கண்ணுக்குத் தெரியும். ஒரு நொடிக்கும் மேல் கழித்துத்தான் அந்த முழக்கம் காதுக்கு வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் எதிரே நிற்பது எவ்வளவு பெரியது என்று மனம் அளந்துகொள்கிறது. பக்கத்திலேயே உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நுழைவாய்க்குள் மே முதல் ஆகஸ்ட் வரை உல்லாசக் கப்பல்கள் போக முடியாது. மிதக்கும் பனிக்கட்டிகளின் மேல்தான் அங்குள்ள கடல்நாய்கள் குட்டி ஈன்று பாலூட்டுகின்றன. கட்டுப்பாடு இருப்பதால்தான் அந்த இடம் இன்னும் அந்த இடமாக இருக்கிறது. இது ஹூனா டிலிங்கிட் மக்களின் பூர்வீக நிலம். பனி முன்னேறி வந்தபோது அங்கிருந்து வெளியேறியவர்கள் அவர்கள். 2016-ல் பூங்காவுக்குள்ளேயே அவர்களுடைய குலமன்ற வீடு மீண்டும் எழுப்பப்பட்டது.

மற்றப் பனியாறுகளைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வடக்கே உள்ள ஹப்பர்ட் பனியாற்றின் முகப்பு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலம். மற்றவை சுருங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அது அடைத்துவிட்டது. ஆனால் மிதக்கும் பனிக்கட்டி அதிகமாக இருக்கும் நாளில் கப்பல் பல மைல் தள்ளியே திரும்பிவிடும். ஜூனோவுக்குத் தெற்கே உள்ள டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய ஃபியோர்டுகளும் அற்புதமானவைதான். எனினும் 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்மின் தலைப்பகுதியில் மலைச்சரிவு ஏற்பட்டு, எழுந்த அலை 400 மீட்டருக்கும் மேலாகக் கரையில் ஏறி மரங்களைத் துடைத்தெடுத்தது. இதே மாநிலத்தில் லிட்டூயா விரிகுடாவில் 1958-ல் எழுந்த அலை 524 மீட்டர் ஏறியது. பனி விலகியதும் தாங்கல் இழந்த மலைச்சுவர்கள் இப்படிச் சரிவது இந்த நிலத்தின் இயல்பு. அதனால் கடைசி நேரத்தில் நிறுவனம் ஃபியோர்டை மாற்றினால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது. கப்பலின் தலைவர் திரும்பிவிட முடிவெடுத்தால் அவர் சொல்வதே சரி.

மாதத்தைப் பற்றிப் பேசும்போது வானிலையை யார் கணிக்க முடியும் என்று பலர் கேட்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளைக் கணிக்க முடியாது. மாதங்களின் சராசரியை நம்பலாம். கெட்சிகான் ஊரில் ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சென்னையைப்போல் இரண்டரை மடங்கு. அதுவும் கொட்டித் தீர்க்காமல் ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். ஆனால் வடக்கே உள்ள ஸ்காக்வேயில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் வசந்தமும் கோடையின் தொடக்கமும் ஒப்பளவில் வறண்டவை. ஆகஸ்டுக்குப்பின் மழை கூடிக்கொண்டே போய் அக்டோபரில் உச்சம் தொடுகிறது. மே மாதத்தில் விலை குறைவு, கூட்டம் குறைவு, மலைகளில் பனி நிறைய. உயரமான நடைபாதைகள் மட்டும் திறந்திருக்காது. ஜூனில் ஜூனோவுக்குப் பதினெட்டு மணி நேரப் பகல். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் அதற்குள் வந்து மேயத் தொடங்கியிருக்கும். ஜூலை இறுதியிலிருந்து இளஞ்சிவப்புச் சால்மன்கள் ஓடைகளில் ஏறும், கரடிகள் அவற்றைத் தேடி இறங்கும். கரடியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் ஆகஸ்ட், மலையும் பனியாறும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் மே இறுதியோ ஜூன் தொடக்கமோ. இரண்டும் ஒரே வாரத்தில் நிச்சயமாகக் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

இனி ஊர்களுக்கு வருவோம். திட்டமிடுபவர்கள் மிகக் குறைவாக யோசிக்கும் இடம் இதுதான், ஆனால் பயணத்தின் தரத்தை அதிகம் நிர்ணயிப்பதும் இதுவே. ஸ்காக்வேயின் நிரந்தர மக்கள்தொகை 1,200 அளவில். கூட்டமான நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறங்குகிறார்கள். ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஜூனோவுக்கு 2023 பருவத்தில் 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்தனர். நெரிசல் தாங்காமல் நகர நிர்வாகம் கப்பல் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்து, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல் என்று வரம்பு கட்டியது. 2026 முதல் சாதாரண நாளுக்கு 16,000, சனிக்கிழமைக்கு 12,000 என்று படுக்கைக் கணக்கில் உச்சவரம்பு. சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வரக்கூடாது என்ற யோசனை 2024 அக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. வாக்களித்தவர்களில் பலருக்குக் கப்பல்தான் பிழைப்பு. கப்பல்களை எதிர்த்தவர்கள் சொன்ன நெரிசலும் ஹெலிகாப்டர் இரைச்சலும் பொய்யல்ல. வெளியூர்க்காரர் இதில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கூட்டத்தைக் கூட்டாமல் இருப்பது அவர் கையில் இருக்கிறது. எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் எத்தனை கப்பல் நிற்கும் என்ற அட்டவணை பருவத்துக்கு வெகு முன்பே பொதுவெளியில் கிடைக்கிறது. அதைப் பார்த்து, நான்கு கப்பல் நிற்கும் நாளுக்குப் பதிலாக இரண்டு நிற்கும் நாளில் இறங்கும்படி பயணத்தைத் தேர்ந்தெடுத்தால், பயணிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஹூனா ஊரின் பழைய மீன் பதனிடும் ஆலையைத் துறைமுகமாக்கி நடத்தும் ஐசி ஸ்ட்ரெயிட் பாயிண்ட், பழங்குடியினரின் சொந்த நிறுவனத்துக்கு உரியது. அங்கே செலவழிக்கும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் குழப்பம் இல்லை.

கரையில் இறங்கியபின் செய்யும் சுற்றுலாக்களில் நேரத்தின் அழுத்தம் உயிரையே விலையாகக் கேட்டிருக்கிறது. 2015 ஜூனில் கெட்சிகான் அருகே மிதவை விமானம் ஒன்று மலையில் மோதி, கப்பல் பயணிகள் எட்டுப் பேரும் விமானியும் இறந்தார்கள். பார்வைக்கு ஏற்ற வானிலை இல்லாதபோதும் பறப்பைத் தொடர்ந்த முடிவையும், அப்படிப் பறப்பதைச் சகித்துக்கொண்ட தொழில் சூழலையும், கப்பல் புறப்படும் நேரத்துக்குள் திரும்ப வேண்டிய நெருக்கடியையும் விசாரணை வாரியம் விரிவாக எடுத்துக்காட்டியது. எட்டு மணி நேரத்துக்குள் மூன்று நிகழ்ச்சிகளைத் திணிக்கும் பட்டியல்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் ஊருக்கு ஒரு காரியம் போதும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்த்துவிட்டு நக்கெட் அருவிவரை நடந்து வரலாம். கெட்சிகானில் ஓடைக்கரையில் நின்று சால்மன் ஏறுவதைப் பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை. ஸ்காக்வேயில் தங்க வேட்டைக் காலத்தில், 1898-ல் போடத் தொடங்கிய குறுகிய ரயில் பாதை இன்றும் மலையேறுகிறது. செலவுக்குத் தகுந்தது அது.

இந்த வரிசை இளைஞர்களுக்குச் சரி, முதியவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப்போகும் குடும்பத்துக்குக் கப்பலின் வசதிதானே முதல் கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சக்கர நாற்காலியில் இருப்பவர் பனியாற்றின் எதிரே போய் நிற்க முடிவது பெரிய கப்பலால்தான், அதை யாரும் ஏளனமாகப் பேசக் கூடாது. ஆனால் கரையில் அதிகம் நடக்க முடியாதவருக்குத்தான், கப்பலின் மேல்தளத்திலிருந்தே காடும் மலையும் பனியும் தெரியும் பாதை மற்றவர்களைவிட அவசியம். அவரைத் திறந்த கடலில் அலைக்கழிக்கும் மலிவான பயணத்தில் ஏற்றி, பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கட்டுவதில் பொருளில்லை. அறையில் பால்கனி இல்லாவிட்டாலும் மேல்தளம் எல்லோருக்கும் பொதுவானது; அங்கேதான் இருபுறமும் பார்க்க முடியும். நூறு பேருக்கும் குறைவாக ஏற்றும் சிறு கப்பல்கள் இன்னும் நெருக்கமாகக் காட்டுகின்றன, அவற்றின் கட்டணம் பெரிய கப்பலைப்போல் சில மடங்கு. அதைக் கொடுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. அலாஸ்கா மாநில அரசு 1963 முதல் நடத்தும் படகுச் சேவை வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து உள்வழியாகவே கெட்சிகானுக்கும் அதற்கு வடக்கேயும் போகிறது. ஊர்மக்களும் அவர்களுடைய வண்டிகளும் ஏறும் படகு அது. அறை எடுக்காதவர்கள் மேல்தளத்தில் கூடாரத்தின் ஓரங்களை நாடாவால் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். பனியாற்றுக்கு அது போகாது. அதற்கு ஜூனோவிலிருந்தோ கிளேசியர் பேயின் வாயிலில் உள்ள பார்ட்லெட் கோவ் என்னும் இடத்திலிருந்தோ பகல்நேரப் படகு எடுக்க வேண்டும். நிதி வெட்டுகளால் சேவைகள் குறைந்துவிட்டன, கால அட்டவணைக்கு ஏற்ப நாம்தான் வளைய வேண்டும். இருந்தும் ஒவ்வோர் ஊரிலும் கப்பல்கள் போனபின் வரும் மாலைப்பொழுது இந்த வழியில் போகிறவருக்குத்தான் கிடைக்கிறது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. உருகும் பனியைப் பார்க்கப் புகைவிடும் கப்பலில் போவதே தவறு, போகாமல் இருப்பதுதான் சரி என்பது அது. நிறுவனங்களின் வரலாறு இந்த ஆட்சேபத்துக்கு வலுச் சேர்க்கிறது. எண்ணெய்க் கழிவைத் திருட்டுக் குழாய் வழியே கடலில் விட்டு மறைத்ததற்காக பிரின்சஸ் கப்பல் நிறுவனம் 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் நான்கு கோடி டாலர் அபராதம் கட்டவும் இசைந்தது. கப்பலின் புகையைக் கழுவிய நீரைக் கடலில் விடுவது பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆயினும் ஒட்டுமொத்தமாகப் போகாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. கண்டிப்பான விதிகள் இந்தக் கடலில் வேலை செய்திருக்கின்றன. கிளேசியர் பேயில் கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, திமிங்கிலம் உலவும் பகுதியில் வேகத்துக்கும் வரம்பு உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக் கப்பலின் இயந்திரங்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உல்லாசக் கப்பல்களுக்கு உலகிலேயே முதலில் வந்தது 2001-ல் ஜூனோவில்தான். 2006-ல் அலாஸ்கா வாக்காளர்கள் பயணிகள் மீது வரி விதித்து, கப்பல்களில் கண்காணிப்பாளர்களையும் ஏற்றினார்கள். 2019-ல் அந்தக் கண்காணிப்புக்கான நிதியை ஆளுநர் நிறுத்தினார். விதி வருவதும் போவதும் மக்களின் அக்கறையைப் பொறுத்தது, அந்த அக்கறை பார்த்தவர்களிடம்தான் எளிதில் பிறக்கிறது. ஆகவே போகிறவர் கரை மின்சாரம் எடுக்கும் கப்பலா, கழுவுநீரைக் கடலில் விடுமா என்று கேட்டுவிட்டுப் போகட்டும். போகிறவர் அடிக்கடி போகாமல், ஒருமுறை நன்றாகப் போகட்டும்.

கடைசியாக, இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வான்கூவரில் ஏறினாலும் சரி, சியாட்டிலில் ஏறி விக்டோரியாவில் சில மணி நேரம் நின்றாலும் சரி, அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். விக்டோரியாவில் இறங்கப் போவதில்லை என்று சொன்னாலும் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக அதைக் கேட்கும், இல்லையென்றால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். பெல்லிங்ஹாமிலிருந்து நேரே கெட்சிகானுக்குப் போகும் அரசுப் படகு கனடாவில் எங்கும் நிற்பதில்லை. அதற்கு அமெரிக்க விசா மட்டும் போதும். அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம். பாதையையும் மாதத்தையும் இன்றே முடிவு செய்யுங்கள். இரண்டு விசாவும் கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத முன்பணம் எதையும் கட்டாதீர்கள்.